வாசகர் கேள்வி – பதில்: கட்டைக் கோட்டைக்குக் கோபுரம் கட்டுவது எப்படி?

விளையாட்டுக் கட்டைகளால் கோட்டையும் கோபுரமும் கட்டுவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில். கட்டையின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு வட்டத்தைக் 'குமிழ்' என்றும், தட்டையான மெல்லிய துண்டைத் 'தகடு' என்றும், ஒரு அடுக்கை 'வரி' என்றும் எழுதியிருக்கிறோம். லெகோ அளவில் ஒரு குமிழின் இடம் 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6 மி.மீ. தகடு 3.2 மி.மீ.; மூன்று தகடு சேர்ந்தால் ஒரு கட்டை உயரம்.

கேள்வி: மகன் கட்டும் கோபுரம் முப்பது வரியை எட்டும்போது ஒரு பக்கம் சாய்கிறது. கை பட்டால் நடுவால் பிளந்து விழுகிறது. பசை போட்டு ஒட்டலாமா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பசை வேண்டாம் அம்மா. ஒட்டினால் அந்தக் கட்டைகள் பிறகு எதற்கும் உதவாது. பிளப்பதும் சாய்வதும் வேறுவேறு கோளாறுகள், தனித்தனியாகப் பார்ப்போம்.

பிளப்பதற்குக் காரணம் மூட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் நிற்பது. மேசன்மார் செங்கல் வைக்கும்போது கீழ்வரியின் மூட்டுக்கு மேலே கல்லின் நடுப்பாகம் வரும்படி வைப்பார்கள். கட்டைக்கும் அதே விதிதான். பல பெட்டிகளில் நிறைய இருப்பது 2×4 கட்டை (அகலம் 2 குமிழ், நீளம் 4 குமிழ்) என்பதால் அதை மட்டும் வைத்து ஒரு கோபுரம் சொல்கிறோம். வெளி அளவு 8×8 குமிழ், சுவர்த் தடிப்பு 2 குமிழ், உள்ளே 4×4 வெற்றிடம். முதல் வரியில் வடக்கிலும் தெற்கிலும் இரண்டிரண்டு கட்டைகளை நீளவாக்கில் வையுங்கள். கிழக்கிலும் மேற்கிலும் நடுவில் மிஞ்சும் இடத்துக்கு ஒவ்வொரு கட்டை போதும். மொத்தம் ஆறு. அடுத்த வரியில் அதையே கால் சுற்றுத் திருப்பி, கிழக்கு மேற்கில் இரண்டிரண்டு, வடக்குத் தெற்கில் ஒவ்வொன்று. இப்போது வடக்குச் சுவரின் நடு மூட்டை மேலே வரும் ஒற்றைக் கட்டை மூடிவிடும், மூலைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். முப்பது வரிக்கு 180 கட்டை. உயரம் ஏறக்குறைய 29 செ.மீ. 2×4 கட்டை ஒன்று சுமார் 2.3 கிராம் என்பதால் முழுக் கோபுரமும் 400 கிராமைச் சற்றே தாண்டும்.

சாய்வது அநேகமாகக் கீழ்வரிகளில் ஒரு கட்டை முழுதாக அமராததால். கோபுரத்தின் அகலம் 64 மி.மீ. ஒரு பக்கம் அரை மி.மீ. தூக்கி நின்றால் முப்பதாம் வரியில் உச்சி இரண்டு மி.மீ.க்கு மேல் விலகும். இப்படி மூன்று இடம் ஒரே பக்கம் வாய்த்தால் கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு ஐந்து வரிக்கும் தடித்த புத்தகம் ஒன்றை மேலே வைத்து உள்ளங்கையால் நேராக அழுத்துங்கள். பிறகு கோபுரத்தைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, வரிகளுக்கிடையே வெளிச்சம் தெரிகிறதா என்று நாலு பக்கமும் பாருங்கள். பாயிலோ மெத்தையிலோ வைத்துக் கட்டினால் என்ன அழுத்தினாலும் அமராது. சீமெந்துத் தரை, மேசை, அலுமாரிப் பலகை எதுவும் சரி.

கேள்வி: மகளின் வாப்பா கட்டாரிலிருந்து லெகோப் பெட்டி அனுப்பினார். போதாததற்கு இங்கே கடையில் மலிவான கட்டைப் பெட்டியும் வாங்கினோம். இரண்டையும் கலந்தால் சில இடம் இறுகுது, சில இடம் கழன்று வருது. ஏன்?
– ஒரு உம்மா, காத்தான்குடி

வெளியே பார்த்தால் ஒரே அளவுதான். ஆனால் இந்தப் பொருத்தம் மி.மீ.யின் நூறில் ஒரு பங்கு அளவில் நடப்பது. 1958இல் காப்புரிமைக்குப் பதிந்த வடிவத்தையே லெகோ இன்றும் வைத்திருப்பதால் அதன் பழைய கட்டையும் புதிய கட்டையும் பொருந்துகின்றன. மலிவுப் பெட்டிகளில் அச்சுக்கு அச்சு வித்தியாசம் வரும்.

முதலில் சோதியுங்கள். ஒவ்வொரு வகையிலும் பத்துக் கட்டை அடுக்கி இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கம் நிறுத்துங்கள். உச்சிக் குமிழைச் சேர்க்காமல் 96 மி.மீ. வரவேண்டும். உயரம் ஒத்திருந்தால் கவலை இல்லை. அரை மி.மீ. வித்தியாசம் தெரிந்தாலும் ஒரே வரிக்குள் கலக்கக் கூடாது. ஒரு வரி முழுவதும் ஒரே வகையாக இருக்கட்டும். வரிக்கு வரி மாறினால் கோபுரம் முழுவதும் ஒரே அளவில்தான் உயரும், சாயாது. ஒரே வரியில் கலந்தால் உயரமான கட்டை பாரத்தைத் தாங்க, குட்டையானது மேல்வரியைத் தொடாமலே நிற்கும். நீங்கள் சொல்லும் கழன்று வரும் இடம் அதுதான். பிடி தளர்ந்த வகையை உட்சுவருக்கும் அடிவரிகளுக்கும் ஒதுக்குங்கள், மேலே உள்ள பாரமே அதை அமர்த்திவிடும். துருத்திக்கொண்டு நிற்கும் உறுப்புகளுக்கு நல்ல பிடியுள்ளதை மட்டும் எடுங்கள்.

கேள்வி: சதுரக் கோபுரம் அலுத்துவிட்டது. வளைந்த கட்டைகள் எங்களிடம் இல்லை. 1×2 கட்டைகளும் 1×1 உருளைக் கட்டைகளும் நிறைய இருக்கின்றன. வட்டக் கோபுரம் கட்ட முடியுமா?
– உயர்தர மாணவன், கல்முனை

முடியும், அதுவும் அழகாக வரும். குமிழ் வட்டமானது என்பதால் அதன் மேல் கட்டை சுழலும். சுழலவிடாமல் தடுப்பது பக்கத்துக் கட்டையின் சதுர முனைதான். அந்த இடத்தில் உருளையை வைத்தால் தடை நீங்கும்.

ஒரு வரியில் 1×2, உருளை, 1×2, உருளை என்று மாறிமாறி வையுங்கள். அடுத்த வரி அதே ஒழுங்குதான், ஆனால் ஒரு குமிழ் தள்ளித் தொடங்கும். மூன்றாவது வரி இன்னும் ஒரு குமிழ் தள்ளி. நான்காவது வரி முதல் வரியைப் போலவே. இப்படி மூன்று வரிக்கு ஒருமுறை திரும்பி வரும்போது பக்கத்துப் பக்கத்துக் குமிழ்கள் எல்லாமே ஏதாவது ஒரு வரியில் 1×2 கட்டையால் கோக்கப்பட்டிருக்கும். அதனால் சுவர் சங்கிலி மாதிரி வளையும், ஆனால் அறாது.

சுற்றளவு மூன்றின் மடங்காக இருந்தால்தான் ஒழுங்கு குழம்பாமல் முடியும். 30 குமிழில் மூட முடியும், ஆனால் முனைகள் உரசி வரிகள் மேலே கிளம்பும். 36 குமிழ் வசதியானது: வரிக்கு 12 கட்டை, 12 உருளை; ஒவ்வொரு குமிழிலும் 10 பாகை வளைவு; வெளி விட்டம் ஏறக்குறைய 10 செ.மீ. 24 வரி உயர்த்தினால் 23 செ.மீ. கோபுரம். அதற்கு 288 கட்டையும் 288 உருளையும் தேவை. உருளை குறைந்தால் வட்டத் தகடு மூன்றை அடுக்கி ஓர் உருளையாகப் பாவிக்கலாம். உருளையே இல்லாமல் இடைவெளி விட்டுக் கட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கட்டையும் கீழே ஒற்றைக் குமிழில் தொங்கும், தூக்கும்போது உதிர்ந்துவிடும்.

முதல் வரியில் எதுவும் எதோடும் கோக்கப்படாததால் வட்டமாக வைத்துக் கட்டத் தொடங்கினால் கை கொள்ளாது. அடித்தட்டில் நேர்ச்சுவராக 18 குமிழ் நீளத்துக்கு மூன்று வரி கட்டுங்கள். மூன்றாம் வரியின் கடைசி 1×2 பாதி வெளியே நீட்டட்டும். அதே வரியின் முதல் குமிழை வெறுமனே விடுங்கள். இதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் தட்டிலிருந்து மெல்லக் கழற்றி, வளைத்து, நீட்டிய முனையை வெறுமனே விட்ட இடத்தில் அழுத்தினால் வட்டம் மூடும். அதற்கு மேல் வட்டத்திலேயே தொடரலாம். வளையத்தின் குமிழ்கள் அடித்தட்டின் குமிழ்களோடு நேர்ப்படாது. அழுத்திப் பொருத்த முயலாமல், குமிழ் இல்லாத வழுவழுப்பான ஓட்டுத் தகடுகள் பதித்த தளத்தில் நிறுத்தி, உட்பக்கம் நாலு கட்டைகளை முட்டுக்கொடுங்கள்.

கூரையையும் இதே காரணத்தால் அழுத்திப் பொருத்த முடியாது. மூடி மாதிரி வைத்தெடுக்க வேண்டும். தகடுகளால் 12 குமிழ் வட்டம் ஒன்று செய்யுங்கள். வரிசைக்கு வரிசை நீளம் 4, 8, 10, 10, 12, 12, 12, 12, 10, 10, 8, 4. அதன் அடியில் 10 குமிழ் நீளமும் 2 குமிழ் அகலமுமாகச் சிலுவை வடிவில் கட்டைகளைப் பொருத்தினால் அது கோபுரத்தின் வாய்க்குள் இறங்கி நழுவாமல் பிடிக்கும். வட்டத்துக்கு மேலே 10, 8, 6, 4, 2 என்று குறுக்கிக்கொண்டு போகலாம். படிக்கு ஒரு கட்டை உயரம் கொடுத்தால் சரிவு 50 பாகை, இரண்டு கொடுத்தால் 67. மெலிந்த கோபுரத்துக்கு இரண்டாவதுதான் எடுப்பாக இருக்கும்.

கேள்வி: கோபுர உச்சியில் பல் பல்லாக வைக்கும்போது ஒரு மூலையில் பல் வருகிறது, மறு மூலையில் இடைவெளி வருகிறது. சரியாக வர என்ன வழி?
– ஏறாவூர் வாசகர்

கட்டத் தொடங்குமுன்பே அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். பல் 2 குமிழ், இடைவெளி 2 குமிழ் என்றால் பக்கத்தின் நீளம் 6, 10, 14, 18 ஆக இருக்கவேண்டும். பல் 2, இடைவெளி 1 என்றால் 5, 8, 11, 14. இரண்டும் ஒவ்வொன்று என்றால் ஒற்றை எண்கள் எல்லாம் பொருந்தும். மேலே சொன்ன 8×8 கோபுரத்துக்கு 2-1-2-1-2 கச்சிதம். ஏற்கெனவே 12 அகலத்தில் கட்டி முடித்திருந்தால் இடிக்கத் தேவையில்லை: மூலைப் பல்லை 3 ஆக்கி 3-2-2-2-3 என்று வையுங்கள். மூலைப் பல் பெரிதாக இருப்பது கண்ணுக்கும் நல்லதுதான்.

பல்லின் உயரத்தைச் சிறு மனித உருவை நிறுத்திப் பார்த்து முடிவெடுங்கள். அந்த உருவம் தொப்பி இல்லாமல் நாலு கட்டை உயரம். பல் நாலு கட்டை என்றால் வீரன் முழுதாக மறைவான். இடைவெளியின் கீழ்விளிம்பு இரண்டு கட்டையில் இருந்தால் எட்டிப் பார்ப்பான்.

கேள்வி: நிலத்தைத் தொடாமல் சுவரிலிருந்து துருத்தி நிற்கும் சின்னக் கோபுரம் கட்டினால் முன்பக்கம் தொங்கி விழுந்துவிடுகிறது. தலைகீழ்ச் சாய்வுக் கட்டைகள் இல்லை.
– சம்மாந்துறை வாசகி

சாய்வுக் கட்டை இருந்திருந்தாலும் விழுந்திருக்கும். பிடி சுவருக்குள் இருக்கவேண்டும்; பெரும்பாலும் எல்லாரும் சுவரின் வெளிமுகத்தில் ஒட்டுகிறார்கள்.

8×8 கோபுரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் ஒன்றுவிட்ட வரிகளில் நடுவில் ஒற்றை 2×4 வருகிறது அல்லவா? பன்னிரண்டாம் வரியில் அப்படி வருகிறது என்று வையுங்கள். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 2×3 இரண்டைச் சுவருக்குக் குறுக்கே வையுங்கள்: இரண்டு குமிழ் சுவருக்குள், ஒன்று வெளியே. பதின்மூன்றாம் வரியில் சுவரை வழக்கம்போலக் கட்டி, வெளியே நீட்டிய ஒற்றை வரிசையில் ஒரு 1×4. பதினாலில் 2×4 இரண்டு குறுக்கே: இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. பதினைந்தில் சுவர் வழக்கம்போல, வெளியே ஒரு 2×4. பதினாறில் 2×6 இரண்டு: மூன்று வெளியே, இரண்டு சுவரில், மிச்சம் ஒன்று கோபுரத்தின் உட்குழிக்குள். இப்போது 4 அகலமும் 3 ஆழமுமான தளம் கிடைத்துவிட்டது.

முக்கியமான வேலை இனித்தான். தளத்தின் மேல் எதையும் வைக்காமல் பெரிய கோபுரத்தின் சுவரை இன்னும் நாலைந்து வரி உயர்த்துங்கள். குறுக்கே போட்ட கட்டைகளின் வாலை அந்தச் சுவர் அழுத்திப் பிடிக்கும். பலர் அவசரப்பட்டு முதலில் சின்னக் கோபுரத்தை முடித்துவிடுகிறார்கள். அப்போது முன்பாரம் முழுவதையும் சில குமிழ்களின் இறுக்கம் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும்.

சின்னக் கோபுரத்துக்கு ஒரு குமிழ்த் தடிப்புச் சுவர் போதும். ஒரு வரியில் முன்னே 1×4, பக்கங்களில் 1×2 இரண்டு. அடுத்த வரியில் முன்னே 1×2, பக்கங்களில் 1×3 இரண்டு. எட்டு வரிக்கு மேல் போகவேண்டாம். போனால் பார்ப்பதற்கும் தலை பெருத்துப்போகும்.

கேள்வி: மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டைகளால் செய்து பாடசாலைக் கண்காட்சியில் வைக்க விரும்புகிறோம். கோபுரங்களை எவ்வளவு உயரமாக வைக்கலாம்?
– மாணவர் குழு, கல்லடி

அங்கே கோபுரமே வேண்டாம், பிள்ளைகளே. கூரான கூரையும் பல்வரிசையும் கொண்ட உயர் கோபுரங்கள் பீரங்கி பெருகுவதற்கு முந்திய ஐரோப்பாவுக்கு உரியவை. நம் கோட்டை 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. பீரங்கிக் காலத்தில் உயரமான சுவர் நல்ல இலக்காகிவிடும். ஆகவே சுவர் பதிந்து, தடித்து, நாலு மூலையிலும் கூர்முனைக் கொத்தளம் வைத்தது. இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி.

சரிந்த சுவரைக் குமிழ் ஒழுங்கில் பொருத்துவதுதான் இதில் சிக்கல். கணிதப் பாடத்தில் படித்த 5, 12, 13 முக்கோணம் கைகொடுக்கும். 48×48 அடித்தட்டு ஒன்று எடுங்கள். மதில் ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் ஒன்பதாம் வரிசையில் ஓடட்டும். மூலைக்கு அருகே பதின்மூன்றாம் குமிழில் மதில் நிற்கும். அங்கிருந்து வெளியே திரும்பி ஆறாம் வரிசைவரை வரும். அந்த இடத்திலிருந்து தட்டின் மூலைக் குமிழுக்குப் பக்கவாட்டில் 12, முன்னே 5. ஆகவே சாய்சுவர் குமிழ் மையத்திலிருந்து குமிழ் மையத்துக்குச் சரியாக 13. இரு முனைக் குமிழையும் சேர்த்து எண்ணினால் சுவர் நீளம் 14 குமிழ். 1×8உம் 1×6உம் போதும். மூலையின் மறுபக்கத்திலும் இதே கணக்கு. நாலு மூலைக்கும் செய்தால் கோட்டை முடிந்தது.

சாய்சுவரின் இரு முனையின் கீழும் தட்டில் ஒவ்வொரு 1×1 வட்டத் தகடு வையுங்கள். சுவர் 3.2 மி.மீ. உயர்ந்து நிற்பதால் நடுவில் உள்ள தட்டுக் குமிழ்கள் இடிக்காது. கூர்முனையில் இரண்டு சுவரும் ஒரே குமிழில் வந்து மோதும். அதற்கு வரி மாற்றிக் கட்டுங்கள்: ஒற்றை வரிகளில் இடச்சுவர் முனைவரை 14 குமிழ், வலச்சுவர் இரண்டு குமிழ் முன்னதாக நின்று 12. இரட்டை வரிகளில் மாறி. அப்படிச் செய்தால் முனையில் இரண்டும் பின்னிக்கொள்ளும். தோள்பக்கத்தில், வெளியே திரும்பிய சுவரின் ஏழாம் வரிசைக் குமிழை வெறுமனே விடுங்கள், இல்லாவிட்டால் சாய்சுவரின் முனை முட்டும். அந்த இடைவெளியைக் கொத்தளத்தின் உட்பக்கமிருந்து ஒரு 1×2 அடுக்கி மறைக்கலாம். ஆறு வரி உயரம் போதும். மேலே பல் வைக்காமல் அகலமான கைப்பிடிச் சுவரும் பீரங்கிக்கு அங்கங்கே ஒரு திறப்பும் வையுங்கள்.

கேள்வி: எங்களிடம் சாம்பல் நிறக் கட்டை மிகக் குறைவு. கோட்டை மாதிரித் தெரியுமா?
– திருக்கோவில் வாசகர்

1978இல் லெகோ வெளியிட்ட கோட்டைப் பெட்டியே முழு மஞ்சள். இருக்கும் நிறத்தில் ஒன்றைச் சுவருக்கும் இன்னொன்றைக் கூரைக்கும் ஒதுக்குங்கள். சாம்பல் கொஞ்சம் இருந்தால் பல்வரிசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கண் முதலில் போவது அங்கேதான்.

கேள்வி: பிள்ளைகள் கடற்கரைக்குக் கொண்டுபோய் விளையாடியதில் கட்டைகளுக்குள் மணல். கொதிநீர் ஊற்றிக் கழுவலாமா? ஒட்டிப்போன இரண்டு தகடுகளைப் பிரிக்கவும் முடியவில்லை.
– அக்கரைப்பற்று வாசகி

கொதிநீர் கூடாது. 40 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டாம் என்பதுதான் தயாரிப்பாளரின் அறிவுரை. வெதுவெதுப்பான நீரில் சவர்க்காரம் கரைத்து, வலைப்பையில் போட்டு அலசுங்கள். அடிப்பக்கத்துக் குழாய்களுக்குள் இருக்கும் மணலுக்குப் பழைய பல்துலக்கி தேவைப்படும். ஒரு மணல் துணுக்கு இருந்தாலே கட்டை முழுதாக அமராது, குமிழையும் கீறிவிடும். துணியில் கவிழ்த்து நிழலில் உலர்த்துங்கள். வெயில் நிறத்தை மங்கவைக்கும், வெள்ளைக் கட்டை பழுப்பேறும்.

தகடுகளைப் பல்லாலோ கத்தியாலோ பிரிக்கவேண்டாம். மேல்தகட்டின் மேலே நீளமான கட்டை ஒன்றையும் கீழ்த்தகட்டின் அடியில் இன்னொன்றையும் பொருத்தி, இரண்டு கையாலும் எதிரெதிர்ப் பக்கம் சாய்த்தால் விட்டுவிடும்.